தேதி மறந்த பெட்டி

2006 பிப்ரவரி 12, ஞாயிறு

இவர் கம்பெனியில் தூக்கிப்போட இருந்த கம்ப்யூட்டர் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் ஏற்றுகிற அதே டெம்போவில், அதே வைக்கோல் சுற்றி, கட்டையோடு கட்டையாக வந்து இறங்கியது. ஆபீசுக்குப் புதுசு வாங்கிவிட்டார்களாம். "பழைய இரும்புக்குப் போறதுக்கு உங்க வூட்டுக்குப் போவட்டும் குருமூர்த்தி" என்று முதலாளி சொன்னாராம். கூடவே கர்ர் கர்ரென்று கத்துகிற ஒரு பிரிண்டரும்.

அம்மா வந்து பார்த்தாள். "ஏற்கனவே ஒரு டிவி இருக்குதே" என்றாள்.

விருத்தாசலம் தாலுக்கா ஆபீஸ் எதிரே டைப்பிங் கடையில் நாலு வருஷம் குப்பை கொட்டியவள் நான். கடைக்காரருக்கு உழைத்ததை எனக்கு உழைத்துக்கொள்கிறேன். இது ஓடினால் போதும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

மூடியைக் கழற்றினால் உள்ளே மாவு மில். எல்லாம் வெள்ளை மண். அத்தனை வருஷம் பீங்கான் கம்பெனியில் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் வேறு என்ன இருக்கும்? விசிறியில் அப்பிக்கொண்டு அது சுற்றவே முடியாமல் இருந்திருக்கிறது. இவர் சைக்கிள் பம்பை வைத்து ஊத, நான் பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ள, தங்கை அன்பரசி மூக்கைப் பொத்திக்கொண்டு டார்ச் பிடித்தாள். முடித்தபோது மூன்று பேரும் பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் மாதிரி நின்றோம்.

அப்பா போன பிறகு இந்த வீட்டில் இத்தனை சிரிப்பு இன்றைக்குத்தான். அம்மாவும் அன்புவும் எங்களோடு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஓடுகிறது. ஆனால் என்ன ஓட்டம்! ஆன் பண்ணிவிட்டு உலை வைத்தால், அரிசி போடுகிற நேரத்துக்குத் திரையில் படம் வருகிறது.

வாரம் முழுக்க இதோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தவை: பின்னணிப் படம் கூடாது. விளையாட்டு எல்லாவற்றையும் அழித்தாயிற்று. எழுத்து ஃபாண்ட் இருநூறு இருந்தது, தமிழுக்கு இரண்டு, இங்கிலீஷுக்கு ஒன்று வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துரத்திவிட்டேன். ஒரு வேலை நடக்கும்போது இன்னொன்றைத் திறக்கக் கூடாது. திரை மங்கினால் வலது கன்னத்தில் ஒரு தட்டு. இப்படியெல்லாம் அனுசரித்துப் போனால் மனுஷனே திருந்திவிடுவான், இதுவும் கொஞ்சம் திருந்தியிருக்கிறது.

ஒரு கெட்ட குணம் மட்டும் போகவில்லை. சேவ் பண்ணும்போது சில சமயம் அப்படியே உறைந்துபோகிறது. உறைந்தால் அந்த ஃபைல் அம்போ. அதனால் ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில் சேவ் பண்ணுகிறேன். பழசு போனாலும் புதுசு இருக்கும், புதுசு போனாலும் பழசு இருக்கும். பூர்ணிமாவின் மூளையே மூளை.

மார்ச் 3, வெள்ளி

முதல் வேலை! எதிர்வீட்டு டீச்சரின் ஆறாம் வகுப்பு வினாத்தாள். ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

மார்ச் 16, வியாழன்

வீட்டு வாடகைப் பத்திரம் இரண்டு, வேலைக்கு பயோடேட்டா ஒன்று. மங்கலம்பேட்டை பாய் ஒருவர் மகனைத் துபாய்க்கு அனுப்ப அடிக்கச் சொன்னது. "எளுத்து பளபளன்னு இருக்குதும்மா" என்றார். பிரிண்டர் கத்துகிற கத்தலுக்கு அதாவது இருக்கவேண்டாமா.

ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற கொளஞ்சி இந்தப் பக்கம் வந்தவன் பார்த்துவிட்டுப் போனான். கரண்ட்டு போய் வந்தால் இது தேதியை மறந்துவிடுகிறது. எப்போது ஆன் பண்ணினாலும் 1998 ஜனவரி 1 என்கிறது. "உள்ள வாட்ச்சு செல்லு மாதிரி ஒண்ணு இருக்குதுக்கா. அது செத்துப்போச்சி. மாத்திடுங்க" என்றான். தேதி தெரிந்து இதற்கு என்ன ஆகப்போகிறது, கல்யாணமா கார்த்திகையா? அன்புவுக்கு மனசு வந்தால் அவள் தேதியைச் சரி பண்ணுகிறாள். எனக்குச் சுவரில் காலண்டர் இருக்கிறது.

மார்ச் 29, புதன்

அன்புவுக்கு முடிந்துவிட்டது. பெண்ணாடம் பக்கம். மாப்பிள்ளை கூட்டுறவு சொசைட்டியில் வேலை. நல்ல மாதிரி, அதிகம் பேசவில்லை, கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஜூன் 9 முகூர்த்தம்.

எல்லாரும் போன பிறகு அம்மா சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தெரியும் எதற்கு என்று. தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இல்லை. அம்மா தாலி அறுத்தவள், மணவறையில் நிற்கக் கூடாது என்பார்கள். அந்த இடத்தில் யார் ஜோடியாக நின்று பெண்ணைக் கொடுப்பது? நியாயமாகப் பார்த்தால் பெரியப்பா மாணிக்கவேலும் பெரியம்மா வீரம்மாளும்தான். ஆனால் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சே இல்லையே.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கேட்டபோது அப்பா கையெழுத்துப் போட்டார். பக்கத்து வயல்காரர் பெரியப்பா, போடமாட்டேன் என்றார். இரண்டு பேருக்கும் சொந்த ஊரான கம்மாபுரத்து டீக்கடையில் வாய்த் தகராறு. "எனக்கு அண்ணன் கிண்ணன் எவனும் இல்ல. செத்துட்டான்" என்று அப்பா ஊர் முன்னால் சொல்லிவிட்டார். சொன்ன மனுஷனே முதலில் போய்ச்சேர்ந்தார். அப்பா சாவுக்குப் பெரியப்பா வந்து தெருமுனையில் நின்றார். உள்ளே வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

அன்பு கேட்டாள், "பெரியப்பா வந்தா நல்லா இருக்கும் இல்லக்கா?" என்று. சின்னதில் அவரது தோளிலேயே வளர்ந்தவள் அவள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

கம்மாபுரம் போய்வந்தேன். தனியாகத்தான் போனேன். இவரைக் கூட்டிப்போயிருந்தால் என்னால் அழமுடிந்திருக்காது.

பெரியப்பா வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்குச் சொன்னேன். "எங்க அப்பா சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க பெரியப்பா. அன்புவ நீங்கதான் தாரை வாத்துக் குடுக்கணும்." வாளியைக் கீழே வைத்தார். "எந்தம்பி பொண்ண நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்?" என்றார்.

அவ்வளவுதான். பெரியம்மா உள்ளே இருந்து வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "மணவறையில நிக்க எனக்கு ஒரு நல்ல பொடவ எடுக்கணும்" என்றாள் சிரித்துக்கொண்டே. கம்பு அடையும் மோரும் கொடுத்துத்தான் அனுப்பினாள். கல்யாண வாசலுக்கு வாழைமரம் தன் தோப்பிலிருந்துதான் வரவேண்டும் என்று பெரியப்பா பஸ் ஏறுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு நான்தான் ராஜா.

மே 2, செவ்வாய்

பத்திரிகையை நானே வடிவமைக்கிறேன். பிரஸ்ஸில் கொடுத்தால் அவர்களே எழுத்துக் கோத்துக்கொள்வார்கள்தான், ஆனால் என் தங்கை கல்யாணப் பத்திரிகையை வேறு எவளோ அடிப்பதா? தேர்தல் வேன்கள் தெருவில் கத்திக்கொண்டே போக, நான் பிள்ளையார் படத்தோடு போராடினேன். படத்தை ஒருமுறை நகர்த்தினால் பெட்டி மூச்சு வாங்குகிறது.

பெரியப்பா அழைப்பதாகத்தான் பத்திரிகை. மேலே பெரிய எழுத்தில் அவர் பெயர். பெண் விவரத்தில் அப்பா பெயர்.

அன்பு தேதியெல்லாம் ஒழுங்காகச் சரிபண்ணி உட்கார வைத்துவிட்டுப் போனாள். சாயந்திரம் ஒரு பிரிண்ட் எடுத்து இவரிடம் கொடுத்தேன். படித்தவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி! உங்க பெரியப்பாவ மேல அனுப்பிட்டியே!"

வாங்கிப் பார்த்தால், 'தெய்வத்திரு மாணிக்கவேல் அவர்கள் தங்களை அன்புடன் அழைக்கிறார்.' மறுபடி அடிப்பானேன் என்று அப்பா வரியையே எடுத்து மேலே ஒட்டி, பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். முன்னால் இருந்த 'தெய்வத்திரு' அப்படியே நின்றுவிட்டது. நானும் இவரும் அன்புவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை.

மே 4, வியாழன்

'தெய்வத்திரு'வை எடுத்து 'திரு.' போட்டுவிட்டேன். நடுவில் இரண்டு தடவை கரண்ட்டு கட். ஆன் பண்ணி, உலை வைத்து, அரிசி போட்டு, அப்புறம் வேலை. புதுப் பெயரில் சேவ். உறையவில்லை. பிள்ளையாரப்பா, நன்றி.

மே 9, செவ்வாய்

பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. இவர் ஷிஃப்டுக்குக் கிளம்பி வாசலில் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தார். "பூர்ணி, ஃப்ளாப்பி குடுக்கிறியா இல்லியா?" ஃபைல் பெயர்களைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. பத்திரிகை, பத்திரிகை புதுசு, பத்திரிகை கடைசி, கடைசி சரி, சரி கடைசி. எதுதான் கடைசி? திறந்து பார்க்கலாம் என்றால் ஒவ்வொன்றும் திறக்க அரை மணி. தேதிவாரியாக வரிசை போட்டு, மேலே வந்ததை ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

மே 19, வெள்ளி

வந்துவிட்டது! மஞ்சள் கலர், சிவப்பு எழுத்து. மையின் வாசனை போகவில்லை. கீழே ஓரத்தில் 'பூர்ணிமா குருமூர்த்தி' என்று என் பெயர். அதைத்தான் முதலில் பார்த்தேன், வேறென்ன.

அம்மா ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவினாள். முதல் பத்திரிகை பழமலைநாதர் கோயிலில் வைத்தாயிற்று. வெளியூர்களுக்குத் தபாலில் போட்டாயிற்று. ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, நெய்வேலி. பெரியப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தட்டோடு நேரில்.

இந்தக் கிழட்டுப் பெட்டியில் இப்படி ஒரு பத்திரிகை அடித்தேன் என்றால் கொளஞ்சி நம்பமாட்டான்.

மே 21, ஞாயிறு

எப்படி எழுதுவேன்?

தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, பழம், பத்திரிகை. பெரியப்பாவும் பெரியம்மாவும் கிழக்குப் பார்த்து நின்று வாங்கிக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்து பத்திரிகையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி இல்லை. "நீயே படி பாப்பா, கேக்கறன்" என்றார். பெரியம்மா காபி கலக்க உள்ளே போனாள்.

நானும் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, சத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு. "தெய்வத்திரு மாணிக்கவேல் அவர்கள்..."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என் வாயாலேயே சொன்னேன். அவர் முகத்துக்கு நேரே.

அவர் கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "எந்தம்பி அன்னிக்குச் சொன்னதத்தான் நீ இன்னிக்கு அச்சடிச்சிருக்கியா?" என்று கேட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

நான் உளறினேன். பெட்டி, கரண்ட்டு, ஃபைல், பிரஸ், எல்லாம் சொன்னேன். வீட்டில் பார்த்துச் சிரித்ததையும் சொல்லித் தொலைத்தேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "சரி வுடு. மிஷினு பண்ண தப்புக்கு நீ என்னா பண்ணுவ" என்றார். பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எப்போது வந்தாளோ, பெரியம்மா கதவருகே காபியோடு நின்றிருந்தாள். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை. அடுப்பில் வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 22, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு நாள் வேலையும் பெட்டிக்குள் இருக்கிறது. தப்பாக அடித்ததற்கு 2006 மே 2 என்று தேதி. அன்பு சரிபண்ணிக் கொடுத்த நாள். திருத்தியதற்கு 1998 ஜனவரி 1. கரண்ட்டு போய் வந்த நாள். தேதிவாரியாக வரிசை போட்டதும் தப்பு மேலே வந்து நின்றுவிட்டது, சரி அடியில் போய்விட்டது. மேலே நின்ற தப்பைத்தான் நான் பார்க்காமல் ஏற்றி அனுப்பினேன்.

செல்லை மாற்றச் சொன்னானே அந்தக் கொளஞ்சி. கல்யாணமா கார்த்திகையா என்று கேட்டேனே. கல்யாணம்தான்டி பைத்தியக்காரி.

பிரஸ்காரர் மாதிரிப் பிரதி காட்டியிருக்கிறார். இவர்தான் பார்த்திருக்கிறார். "நீ திருத்திட்டன்னு சொன்னியே, நான் நேரமும் மண்டபமும்தான் பாத்தன்" என்றார். இவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

மே 24, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

ஸ்ரீமுஷ்ணம் ஆண்டாள் அத்தைக்குத் தபாலில் பத்திரிகை போயிருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. 'தெய்வத்திரு'வைப் பார்த்ததும் அண்ணன் செத்தது நமக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். கம்மாபுரம் நிறுத்தத்தில் இறங்கினதிலிருந்தே ஒப்பாரி. "என் அண்ணாவே, எங்கள வுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு தெருவெல்லாம் வந்திருக்கிறாள். கூடவே ஊர்ச் சனமும். பெரியப்பா வயலில். பெரியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாளாம். ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அத்தை அழுதிருக்கிறாள். சாவு வீட்டில் கட்டி அழுகிற மாதிரி.

வந்து விஷயத்தைச் சொன்ன, பெரியப்பாவுக்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன வாரம் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

மே 25, வியாழன்

பூத்திலிருந்து பெரியப்பா போன் பண்ணினார். "ஒம் பெரியம்மா வரமாட்டங்கறா பாப்பா. நல்ல காரியத்துல நான் நிக்கமாட்டன்னு ஒரே புடியா நிக்கறா. ஜோடியா நிக்கறதுக்குத்தான கேட்ட? நான் ஒத்தையா வந்து என்னா பண்றது?"

"பெரியப்பா, அது மிஷின் தப்பு, உள்ள ஒரு செல்லு..." என்று மறுபடி ஆரம்பித்தேன். காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

மே 28, ஞாயிறு

வழி ஒன்று தோன்றியது. ஸ்டிக்கர்த் தாள் வாங்கி வந்து 'திரு.' 'திரு.' 'திரு.' என்று பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினேன். கத்தரித்து மிச்சமிருந்த பத்திரிகைகளில் ஒட்டினேன். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் இவர் போய் வாங்கிவந்து கொடுக்கிறார், நான் ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன். பெட்டி ஒருமுறைகூட உறையவில்லை. வேண்டுகிற நேரத்தில் படுத்துக்கொண்டு வேண்டாத நேரத்தில் எப்படி உழைக்கிறது பார்.

எல்லாப் பத்திரிகையும் சரியாகிவிட்டது என்று தெரிந்தால் அவர்கள் மனசு மாறும். மாறாதா?

ஜூன் 3, சனி

திருத்திய பத்திரிகை ஒன்றோடு இவரைப் பெரியப்பாவிடம் அனுப்பினேன். வயலிலேயே பார்த்துப் பேசிவிட்டு வந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள, அவதான்" என்றாராம். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. அன்பு பேசுகிறாள், அது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

கல்யாணம் நடந்தது.

விடியற்காலையில் ஒரு டிராக்டர் வந்து மண்டபத்து வாசலில் நின்றது. வாழைமரம் இரண்டு, குலையோடு, பூவோடு. ஓட்டிவந்தவன் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். "அவரு?" என்று கேட்டேன். "வெட்டி ஏத்திவுட்டாரு. வரலன்னு சொன்னாரு" என்றான்.

தாய்மாமன் பழமலையும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள். குறையொன்றும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அன்பு மணவறையில் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் இரண்டு தடவை தலையைக் குனியச் சொன்னார்.

ஜூன் 11, ஞாயிறு

அன்பு போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஜூலை 7, வெள்ளி

கொளஞ்சி வந்து செல்லை மாற்றினான். பொட்டு அளவுதான் இருக்கிறது. இனி தேதி மறக்காதாம். பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, புதன்

டீச்சர் வினாத்தாளோடு வந்தார். பெட்டி ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். பொய்.

அக்டோபர் 5, வியாழன்

அன்பு உண்டாகியிருக்கிறாள். அம்மா முதன்முதலாக என்னைப் பார்த்து, "பெட்டிய ஏன் மூடியே வெச்சிருக்க, பூச்சி போவப்போவுது" என்றாள். திறந்தேன். சரியான தேதியோடு எழுந்து உட்கார்ந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

டிசம்பர் 20, புதன்

வாசலில் மொபெட் சத்தம். பெரியப்பா.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உட்காராமலே, "ஒரு மனு அடிக்கணும் பாப்பா" என்றார். மறுபடி நிலம் கேட்கிறார்களாம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விதைக்கப்போகிறார், அறுவடை வரைக்குமாவது அவகாசம் கேட்கவேண்டும். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பெயர் வருகிற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அடித்து, திறந்து பார்த்து, பிரிண்ட் எடுத்து, மறுபடி வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை. "கோச்சிக்காத திரௌபதி. இந்த வூட்ல தண்ணி குடிக்கமாட்டன்னு அவகிட்ட சொல்லியிருக்கன். நான் வந்ததே அவளுக்குத் தெரியாது." அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பெரியப்பா, இப்ப செல்லு மாத்திட்டேன். அன்னிக்கி அது மட்டும்..."

"அது எனக்கு அன்னிக்கே வெளங்கிடுச்சி பாப்பா" என்றார் அலுப்போடு. "எங்கிட்டயே எத்தினி வாட்டி சொல்லுவ? தாலி யாரு கழுத்துல இருக்குது?"

மனுவை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் பீரோவிலிருந்து பத்திரிகை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்டியது. 'திரு. மாணிக்கவேல் அவர்கள்.' அவ்வளவுதான். பெரியம்மா பெயர் எங்கேயுமே இல்லை. தப்பிலும் இல்லை, திருத்தியதிலும் இல்லை. அடிக்கும்போது எனக்குத் தோன்றவேயில்லை.

டிசம்பர் 27, புதன்

போகவேண்டும். நாளைக்குப் போகலாம். நாளைக்கு என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

2007 ஜனவரி 4, வியாழன்

போய்விட்டு வந்தேன். தட்டு இல்லை, பத்திரிகை இல்லை. கொஞ்சம் பூ மட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உடைத்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை, நானும் உடைத்தேன். பருப்பு உடைந்தால் முளைக்காது, பார்த்து உடைக்கவேண்டும். இரண்டு மூன்றை உடைத்துக் கெடுத்தேன். அவள் அதை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

"தப்பு என்னுதுதான் பெரியம்மா" என்றேன். "மிஷின் மேல ஒண்ணும் இல்ல. நான்தான் பாக்கல. அப்புறமும் ஒங்கள வந்து பாக்கல."

கையை நிறுத்தினாள்.

"அந்த ஆண்டாளு எங் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதாடி. எந் தலையில பூ இருக்குதான்னு தடவிப் பாத்தா. அன்னிக்கிப் பூரா அவரு மூச்சு வுடறாரான்னு பாத்துக்கிட்டே கெடந்தன். ஒரு பொம்பளைக்கு எப்பிடி இருக்கும்னு ஒங்க வூட்ல ஒருத்திக்கும் தோணல. நீ அவருகிட்டப் பேசுன. ஒம் புருஷன் அவருகிட்டப் பேசுனாரு. அவரு வந்து எங்கிட்ட செல்லு கில்லுன்னாரு."

அழுதேன். அவள் அழவில்லை.

"அன்னிக்கே நீ வந்து இந்த மாதிரி எதுர ஒக்காந்திருந்தின்னா, நானே முன்னக் கெளம்பி வந்திருப்பன். பொடவகூட எடுத்து வெச்சிருந்தன்" என்றாள்.

கொண்டுபோன பூவை வாங்கி வைத்துக்கொண்டாள். தை மாசம் அன்புவுக்கு வளைகாப்பு என்று சொன்னேன். "வர்றன். அது வேற" என்றாள். கிளம்பும்போது ஒரு படி மல்லாட்டை கட்டிக் கொடுத்தாள். அந்தப் புடவையைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் அரை மணி நேரம்கூட இல்லை. அத்தை போய் அழுத அன்றைக்குக் கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அத்தனை நாளும் நான் வீட்டில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.